றோசம்மாவுக்கு ஒரு பூசை

அகஸ்ரின் எனக்கு நாலாயிரம் டொலர் கடன்பட்டிருந்தான். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடன் அப்படியே நின்றது. வட்டி நான் கேட்கவில்லை, முதலும் கேட்கவில்லை. நாலாயிரத்தைத் திருப்பிக் கேட்கிற நிலையில் ஆண்டவர் நீக்கிலாப்பிள்ளையை வைக்கவில்லை.

நீக்கிலாப்பிள்ளை நான்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு வீட்டுச் சுவர்களுக்குப் பலகை அடிக்கிற ட்ரைவோல் வேலை. மற்றவன் ஒரு அறை அடித்து முடிக்க முன்னம் நான் இரண்டு அறை முடித்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன். பொய் என்றால் என்னோடு நின்று வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு வெக்ஸ்போர்ட்டில் நான் இருக்கிற வீடும் என்னுடையது, ஸ்ரௌவ்வில்லில் வாடகைக்கு விட்டிருக்கிற வீடும் என்னுடையது. விட்பியில் மகன் நிசாந்தன் வாங்கிய வீட்டுக்கு முற்பணம் கட்டியதும் இந்தக் கைதான். என்னைப் பற்றிச் சொல்லக் கலியாண வீடுகளில் நூறு பேர் இருக்கிறார்கள். அகஸ்ரினைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் என் மனைவி கிளடிஸின் சின்னம்மா பெற்ற கடைசிப் பெடியன். மன்னார், பேசாலை. சண்டை முடிந்த கையோடு, கனடாவுக்கு ஆட்களை அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டான். பாங்கொக் வரைக்கும் விமானம். பிறகு ஆறு கடத்தி, லாவோஸ் மலைக்குள் கொண்டுபோய், மிச்சக் காசு வந்து சேரவில்லை என்று சொல்லி ஏஜென்சிக்காரன் அவனை ஒரு பண்ணையில் அடைவு வைத்துவிட்டான். சங்கிலியை அடைவு வைக்கிற மாதிரி ஆளை வைத்தான். பண்ணை முதலாளியிடம் காசை வாங்கிக்கொண்டு அவன் மறைந்துவிட, காசு கட்டும்வரைக்கும் இவன் அங்கே வேலை செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவனுடைய தொலைபேசியில் கூப்பிட்டான். கிளடிஸ் அழுதாள். நான் அழுகிற ஆள் இல்லை. நாலாயிரத்தை ஒரே தடவையில் அனுப்பி ஆளை மீட்டேன்.

என்ன பண்ணை என்று அப்போது நான் கேட்கவில்லை. பண்ணை என்றால் கோழி, பன்றி என்றுதான் எவனும் நினைப்பான்.

ஒருவழியாகக் கனடாவுக்கு வந்து என் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மன்டில், இருந்தான். முதல் கிழமையே அங்கிருந்த கதவுகளைக் கழற்றினான். படுக்கையறைக் கதவு, அலுமாரிக் கதவு, குளியலறைக் கதவு, ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் துடைத்து, வீட்டுக்குச் சூடு தருகிற இயந்திரம் நிற்கிற மூலைச் சுவரோடு சாத்தி அடுக்கினான். குளியலறைக்கு மட்டும் ஒரு சீலையைத் தொங்கவிட்டான்.

"என்னடா தம்பி, காசு குடுத்து வேண்டிப் போட்ட கதவெல்லே?"

"நல்ல கதவு அத்தான். பழுதாகாமல் வைச்சிருக்கிறன்."

"கள்ளன் வந்தால்?"

"வரட்டும் அத்தான். வந்தவன் திரும்பிப் போகலாமே."

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அடுத்த மாதம் பேஸ்மன்ட் யன்னலுக்கு நானே ஒட்டுப் போட்ட இரும்புக் கம்பிகளை அவன் இரும்பறுக்கிற வாளால் அரிந்து எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். அவன் அரிந்த கம்பிகளை ஒழுங்காகக் கட்டி வைத்துவிட்டு, "கம்பிக் காசையும் கடனோடை சேருங்கோ அத்தான்" என்றான். கிளடிஸ் மேலே நின்று, "இஞ்சேருங்கோ, விடுங்கோ. காத்து வரட்டும்" என்றாள்.

அவன் கைவைக்காத கம்பி ஒன்றே ஒன்று. பேஸ்மன்டுக்கு இறங்குகிற படிக்கட்டின் ஓரத்திலும் மேலே அதன் தலைப்பைச் சுற்றியும் நான் அடித்த கைப்பிடிக் கம்பி வரிசை. அதை எடுத்தால் வயது போன நாங்கள் விழுந்துவிடுவோம் என்று விட்டிருப்பான். ஆனால் அதைத் தொடமாட்டான். ஏறினாலும் இறங்கினாலும் மற்றப் பக்கத்துச் சுவரோடு உரசிக்கொண்டு போவான்.

ஹோட்டல் விரிப்புகள் தோய்க்கிற லோண்டரி ஒன்றில் அவனுக்கு வேலை. காலையில் போய்ப் பின்னேரம் வருவான். ஞாயிறு எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசைக்கு எங்களோடு வந்து கடைசி வரிசை வாங்கில், வாசலுக்குப் பக்கத்தில் இருப்பான். கலியாணம் பேசினோம், வேண்டாம் என்றான். தேநீருக்கு ரின்பால், தகரப் பேணியில் வருகிற கட்டிப்பால், விடமாட்டான். கிளடிஸ் ரின்னைத் திறந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வான். பனி கொட்டினால் நான் எழும்ப முன்னம் வாசலை வழித்திருப்பான். மாதக் கடைசியில் வாடகை தவறாது. கடனுக்கென்று சில்லறை சில்லறையாகத் தர வெட்கப்பட்டான். "தந்தால் முழுசாய்த் தருவன்" என்பான். ஊருக்குத் தாய்க்கு அனுப்பி, தாய் செத்த பிறகு தமக்கைக்கு அனுப்பி, முழுதாகச் சேர்ந்தால்தானே?

இப்படிப் போன வாழ்க்கையில்தான் கிளடிஸுக்கு நோய் வந்தது.

முதலில் உடம்பெல்லாம் கடி. சொறிந்து சொறிந்து கையில் கோடு விழுந்தது. பிறகு களைப்பு. ஈரலில் இருந்து பித்தம் ஒழுங்காக இறங்கவில்லை என்று டொக்டர் சொன்னார். ஒரு குளிசை எழுதித் தந்தார், வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும் என்றார். போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்று கிளடிஸ் முகத்தைச் சுளித்தாள். சுவர் ஆடினால் நிமிர்த்தத் தெரிந்த எனக்கு, என் மனுசி கதிரையில் இருந்து சொறிவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் மாக்கஸ் வந்தான். முந்தி எனக்குக் கீழே வேலை செய்தவன். எந்தச் சாமானையும் எங்கிருந்தாவது எடுப்பித்துத் தருவான்.

"அண்ணை, உந்தக் குளிசைக்கு எவ்வளவு குடுக்கிறியள்?"

"முதியோர் அட்டைக்கு ஏறக்குறையச் சும்மா."

"அதுதானே பாத்தன். சும்மா தாறதிலை என்னண்டு சத்து இருக்கும்? நல்ல சாமானை ஆரும் சும்மா தருவினமோ?"

இதை யார் சொல்லியிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன். என் வாழ்க்கையில் சும்மா வந்த ஒன்றும் உருப்பட்டதில்லை. வந்த வருடம் கோயிலில் சும்மா தந்த சப்பாத்து என் இரண்டு காலையும் புண்ணாக்கியது. அன்றிலிருந்து காசு கொடுத்து வாங்குவதைத்தான் நம்புவேன்.

மாக்கஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தான். உள்ளே கருமஞ்சளாக ஒரு தூள்.

"கரடிப் பித்தம். சீனப் பரியாரிமார் ஆயிரம் வருசமாய் ஈரலுக்குக் குடுக்கிறது."

"சுட்டு எடுக்கிறதோ?"

"சீ, இல்லை அண்ணை. வளத்து எடுக்கிறது. மாடு கறக்கிற மாதிரி."

மாடு கறப்பதில் என்ன பாவம்? தொள்ளாயிரம் டொலரை எண்ணிக் கொடுத்தேன். கிளடிஸ் தேனில் குழைத்துச் சாப்பிட்டாள். கைக்க, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். குளிசைப் போத்தல் அலுமாரியின் பின்பக்கத்துக்குப் போனது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அகஸ்ரின் சாப்பிட ஏறி வந்தான். படியின் தலைப்பில் அப்படியே நின்றுவிட்டான். மூக்கு விரிந்தது.

"அக்கா, வீட்டிலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லையடா. ஏன்?"

"இல்லை. ஆரோ இருக்கினம்."

ஆளைத் தேடுகிறவன் ஆள் உயரத்துக்குத்தான் பார்ப்பான். இவன் மேசைக்குக் கீழே பார்த்தான். கதிரைக் கால்களுக்கு நடுவே பார்த்தான், யாரோ அங்கே மல்லாந்து கிடக்கிற மாதிரி. பிறகு தேன் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்த மற்றப் போத்தலில் அவன் கண் விழுந்தது. சோற்றைத் தொடாமல், சுவரோடு உரசிக்கொண்டு கீழே போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தம்.

பேய் பிசாசுக்குப் பயந்தவன் நான் இல்லை. ஆட்கள் செத்த வீடுகளை உடைத்துத் திருத்தியிருக்கிறேன். ஒருவரும் வந்து என் தோளைத் தட்டவில்லை. வீடு சத்தம் போடும் என்பதும் எனக்குத் தெரியும். குளிருக்கு மரம் சுருங்கும், குழாய் முனகும், சூட்டு இயந்திரம் நின்றால் தகரம் படபடக்கும். இந்த வீட்டின் ஒவ்வொரு ஆணியையும் நான் அறிவேன். இது அந்தச் சத்தம் இல்லை. சூட்டுக் காற்று வருகிற துவாரம் வழியாக, கீழே இருந்து, இரும்பைப் பல்லால் கடிக்கிற சத்தம். கடித்து, நிறுத்தி, மூச்சு விட்டு, திரும்பவும் கடிக்கிற சத்தம்.

நல்ல வெயில் பட்ட பகல் ஒன்றில், அகஸ்ரின் வேலைக்குப் போயிருந்த நேரம், இறங்கிப் போனேன். கதவில்லாத வாசல்கள். ஒரு வாசலுக்குள்ளால் பார்த்தால் மற்ற வாசல், அதற்குள்ளால் யன்னல், யன்னலுக்கு வெளியே வெள்ளைப் பனி. சத்தம் அந்த மூலையில் இருந்து வந்தது, கழற்றிய கதவுகளை அடுக்கியிருக்கிற இடத்தில் இருந்து. நான் கிட்டப் போக நின்றுவிட்டது. பயந்து ஒளிக்கிற சீவன் அடங்குகிற விதம் எனக்குத் தெரியும். இது அப்படி அடங்கவில்லை. கிட்ட வந்தவன் ஏதாவது தருவானோ என்று காத்து நிற்கிற அமைதி அது. நனைந்த மயிர் மணமும், அதோடு சேர்ந்து காய்ந்த பால் மணமும் வந்தது. கதவுகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். பின்னால் நான் அடித்த சுவர்தான் இருந்தது.

மேலே ஏறி வந்து கிளடிஸுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் முன்யன்னலோரக் கதிரையில் இருந்தாள். தலை இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது. திரும்ப இடது.

"என்ன செய்யிறாய் கிளடிஸ்?"

"என்னத்தைச் செய்யிறன்? சும்மா இருக்கிறன்."

"தலையை ஏன் ஆட்டுறாய்?"

"ஆர் ஆட்டினது? உங்களுக்குத்தான் கண் மங்கிப்போச்சு."

சொல்லிக்கொண்டே ஆட்டினாள். அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அகஸ்ரின் வேலையால் வந்திருந்தான். நான் படியின் தலைப்பில் நின்றேன். அங்கே நின்றால் முன்னறையும் தெரியும், கீழே பேஸ்மன்டும் தெரியும். முன்னறையில் கிளடிஸின் தலை ஆடியது. கீழே அகஸ்ரின் சுவரைப் பார்த்து நின்றான். அவனுடைய தலையும் ஆடியது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தளம் இருக்கிறது, நானே போட்ட பலகை. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனாலும் இரண்டு தலையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போய், ஒரே நேரத்தில் திரும்பின.

"டேய்! அகஸ்ரின்!"

அவன் நின்றான். இவளும் நின்றாள்.

"என்ன அத்தான்?"

"என்னடா நடக்குது இந்த வீட்டிலை? அந்தப் போத்தலைக் கண்ட நாளிலை இருந்து நீ சரியில்லை. என்னெண்டு சொல்லு."

அவன் கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தான். "கடன் முடியட்டும் அத்தான். சொல்லுறன்."

"நான் கடனைக் கேட்டனானோ?"

"நீங்கள் கேக்கேல்லை. ஆனால் நான் கடன்காரன்தானே. என்னை மீட்ட மனுசன்ரை வீட்டு மருந்திலை நான் என்னண்டு வாய் வைக்கிறது?"

அந்தக் கிழமையில் இருந்து லோண்டரியில் சனி, ஞாயிறும் வேலை கேட்டு எடுத்தான். பூசைக்கும் வரவில்லை.

பித்தம் பாதிப் போத்தல் முடிந்திருந்தது. கடி குறையவில்லை. கண் வெள்ளை மஞ்சளாகியது. இரத்தம் சோதித்த டொக்டர், எங்களைக் கூப்பிட்டு, கிளடிஸ் குளிசை போடுகிறாவா என்று கேட்டார், இப்படியே விட்டால் ஈரல் கெட்டுப்போகும் என்றார். நான் பித்தப் போத்தலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே அட்சயா என்று ஒரு பிள்ளை. இங்கே பிறந்தது. யாழ்ப்பாணத்துத் தகப்பன், தமிழை உடைத்து உடைத்துக் கதைக்கும்.

"அங்கிள், அன்ரிக்கு ரீஃபில் எடுத்து ரெண்டு மாசமாகுது. வாட் ஹாப்பண்ட்?"

"உது தேவையில்லைப் பிள்ளை. இது தொள்ளாயிரம் டொலர்ச் சாமான்." போத்தலை மேசையில் வைத்து, என்னவென்றும் சொன்னேன்.

பிள்ளையின் முகம் மாறியது. தொடாமல் குனிந்து பார்த்தது.

"அங்கிள், இந்தப் பித்தத்திலை ஈரலுக்கு வேலை செய்யிற சரக்கு ஒண்டு இருக்கு. அன்ரியின்ரை குளிசையிலையும் அதுதான். சேம் திங். அதை ஃபாக்டரியிலை செய்யினம். கரடி தேவையே இல்லை."

"அப்ப இது?"

"இதிலை எவ்வளவு இருக்கு, என்ன கலந்திருக்கு, ஒண்டும் தெரியாது. அந்தக் கரடியளைத் திரும்பேலாத கூட்டுக்கை வைச்சு, வயித்திலை ஓட்டை போட்டு, ட்யூப் விட்டு எடுக்கினம். அந்த ஓட்டை மூடவே விடமாட்டினம். இட்ஸ் இன்ஃபெக்டட், அங்கிள். சீழும் சேந்துதான் வரும். வருசக்கணக்கா."

மாடு கறக்கிற மாதிரி என்று மாக்கஸ் சொன்னது என் காதுக்குள் நின்றது.

"அதே சரக்கெண்டால் ஏன் பிள்ளை சும்மா தருகினம்?"

"சும்மாவோ?" பிள்ளை சிரித்தது. "நாப்பது வருசமா டக்ஸ் கட்டினியள்தானே அங்கிள். யூ பெய்ட் ஃபோர் இட்."

அது என் மண்டையில் ஏறியது. நான் உழைத்துக் கட்டிய காசில் வந்த குளிசை. அதை அலுமாரியின் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு சீவனின் புண்ணைக் காசு கொடுத்து வாங்கி என் மனுசிக்குத் தீத்தியிருக்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் வயிறு புரட்டாது என்றும் பிள்ளை சொன்னது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அகஸ்ரின் குசினியில் நின்று சட்டி தேய்த்துக்கொண்டிருந்தான். கோட்டைக் கழற்றாமலே கேட்டேன்.

"தம்பி, கரடிக்கு வயித்திலை ஓட்டை போட்டுத்தான் பித்தம் எடுக்கிறதாம். உனக்குத் தெரியுமோ?"

தண்ணீரை நிறுத்தினான். "தெரியும் அத்தான்."

"எப்பிடி?"

"நீங்கள் மீட்டது அங்கையிருந்துதானே."

கிளடிஸ் கதிரையில் இருந்து எழும்பி வந்தாள். அவன் எங்களைப் பார்க்காமல், சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தகரக் கொட்டில் அத்தான். உள்ளுக்கை வரிசையாய்க் கூடு. கூடெண்டால் கரடி படுக்கிற அளவு, அவ்வளவுதான். எழும்பேலாது, திரும்பேலாது. நெஞ்சிலை பிறை மாதிரி வெள்ளை இருக்கும், அதாலைதான் எது முன்பக்கம் எண்டு தெரியும். சிலது சின்னனிலை வந்து கூட்டுக்கையே வளந்தது. கம்பியைக் கடிச்சுக் கடிச்சுப் பல்லெல்லாம் முறிஞ்சுபோச்சு. மிச்ச நேரமெல்லாம் தலையாட்டுறதுதான். இஞ்சாலை, அங்காலை. அவ்வளவும் ஒண்டாய் ஆட்டும்."

"நீ என்னடா செய்தனி அங்கை?" கிளடிஸ் கேட்டாள்.

"பால் குடுத்தன் அக்கா. ரின்பால். நான் முன்னாலை நிண்டு ரின்னைக் காட்டுவன். அது கையைக் கம்பிக்கு வெளியாலை நீட்டும், உள்ளங்கை மேலை பாக்க. நான் ஊத்துவன். அது நக்கிற நேரத்திலை மற்றவங்கள் கீழாலை குழாயை விடுவாங்கள். அப்ப ஒரு சத்தம் போடும். ஆனால் நக்கிறதை விடாது. அடுத்த நாளும் கையை நீட்டும். என்னைக் கண்டால்தான் நீட்டும் அக்கா. என்னிலை அவ்வளவு நம்பிக்கை."

சொட்டிக்கொண்டிருந்த குழாயை அவன் இறுக்கிப் பூட்டினான்.

"கடைசிக் கூட்டிலை ஒண்டு. அதுக்கு நான் றோசம்மா எண்டு பேர் வைச்சிருந்தன்."

"எங்கடை றோசம்மா மாமியின்ரை பேரோ?"

"ஓம் அக்கா. மாமியும் வெத்திலைக்கு அப்பிடித்தானே கையை நீட்டுவா."

கிளடிஸுக்குச் சிரிப்பும் வந்து, கண்ணும் நிறைந்துவிட்டது.

"அத்தான்ரை காசு வந்த அண்டைக்கு லொறியிலை ஏறச் சொன்னாங்கள். போயிட்டு வாறன் எண்டு சொல்லக் கொட்டிலுக்கை போனன். கையை நீட்டிச்சுது. என்னட்டை ரின் இல்லை. வெறுங்கை. நான் திரும்பி வந்திட்டன். லொறியிலை இருந்து பாத்தன் அக்கா, வாசலாலை தெரிஞ்சுது. கை வெளியிலையே கிடந்தது. லொறி திரும்புமட்டும் உள்ளுக்கை எடுக்கேல்லை."

அவன் போத்தலைக் காட்டினான். "உது வந்த நாளிலை இருந்து றோசம்மா கீழை நிக்குது. உங்களுக்கும் கேக்குதெண்டு தெரியும் அத்தான். நீங்கள் இறங்கி வந்து கதவுகளை விலக்கிப் பாத்திருக்கிறியள், திருப்பி அடுக்கின விதத்திலை தெரிஞ்சுது."

நான் மறுக்கவில்லை.

மாக்கஸுக்கு அன்றே தொலைபேசி எடுத்து, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவன் கொஞ்சமும் கோபிக்கவில்லை. "பாதி கிடக்கெல்லே அண்ணை? ஸ்ரௌவ்வில்லிலை ஒரு மனுசி கேட்டவ. அறுநூறு எடுத்துத் தாறன். உங்களுக்கேன் நட்டம்?"

அகஸ்ரின் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அறுநூறு டொலருக்கு ஒரு காலத்தில் நான் மூன்று கிழமை கோப்பை கழுவினேன். இருந்தும் சொன்னேன்: "நட்டப்படத் தெரியாதவனுக்கு வியாபாரம் தெரியாதடா மாக்கஸ். இனி இந்தப் படி ஏறாதை." தொலைபேசியை வைத்தேன்.

மாசி மாதம். பின்வளவு நிலம் கல்லாக இறுகிக் கிடந்தது. அகஸ்ரின் அலவாங்கைத் தூக்க, நான் பறித்தேன். எழுபத்துநாலு வயதில், சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி, என் கையால் முழங்கை ஆழம் தோண்டினேன். பக்கத்து வீட்டு இளந்தாரிகள் யன்னலால் பார்த்தார்கள், பார்க்கட்டும். போத்தலை வைத்து மூடினோம். கிளடிஸ் முக்காட்டை இழுத்துவிட்டு, "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று தொடங்கினாள்.

"அக்கா, அது செத்துதோ தெரியாதே" என்றான் அகஸ்ரின்.

"செத்திருக்க வேணும் எண்டு வேண்டுவம்" என்றாள்.

அத்தோடு விடவில்லை அவள். ஆள் செத்தால் பூசை கொடுக்க வேண்டுமாம். கோயில் காரியாலயத்துக்கு என்னைத்தான் அனுப்பினாள். அங்கே இருக்கிற எமில்டா காசை வாங்கிக்கொண்டு, "பேர் றோசம்மா. உங்களுக்கு என்ன முறை அங்கிள்?" என்று கேட்டாள்.

"எங்கடை வீட்டிலை நிண்ட ஆள்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமி பீடத்தில் நின்று, "மரித்த றோசம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்தார். அகஸ்ரின் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கடைசி வாங்கில் இருந்தான். பூசை முடிய ஆட்கள் வந்து என் கையைப் பிடித்தார்கள்.

"எங்கை மோட்சம் போனவ?"

"லாவோசிலை."

"அங்கையும் எங்கடை சனம் இருக்குதே!"

"இருந்தது" என்றேன்.

கிளடிஸ் குளிசையைச் சோற்றோடு விழுங்கினாள். மெல்ல மெல்லக் கடி குறைந்தது, கண் வெளுத்தது. அடுத்த இரத்தச் சோதனைக்கு டொக்டர் கையைக் குலுக்கினார். தலையாட்டம் எப்போது நின்றதென்று எனக்கே தெரியாது. ஒருநாள் பார்த்தேன், ஆடவில்லை. கீழே சத்தமும் இல்லை. ஆனாலும் சூட்டுக் காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் போனால் என் கால் தானாக நிற்கும்.

பனி கரைந்து வளவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு பின்னேரம், படியின் தலைப்பில், கம்பி வரிசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, நொந்த முழங்காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். அகஸ்ரின் கீழேயிருந்து ஏறி வந்தான். பாதிப் படியில் நின்றான். கையில் ஒரு கடதாசிப் பை.

"அத்தான், உங்கடை காசு."

"எனக்கு உந்தக் காசு தேவையில்லை. நீக்கிலாப்பிள்ளைக்கு நாலாயிரம் ஒரு காசோ? நீயே வைச்சுக்கொள், ஒரு கார் எடு."

"வாங்குங்கோ அத்தான். நீங்கள் வாங்கினால்தான் நான் அங்கையிருந்து வெளியிலை வருவன்."

"சரி, மேலை ஏறி வா. மேசையிலை வைச்சு எண்ணுவம்."

"இல்லை அத்தான். குடுத்திட்டு வாறன்."

பன்னிரண்டு வருடமாகத் தொடாத கைப்பிடிக் கம்பியை அன்றைக்கு அவன் ஒரு கையால் பிடித்திருந்தான். எனக்கு எழும்ப முடியவில்லை. இருந்த இடத்திலேயே குனிந்து, கம்பிகளுக்கு நடுவால் கையை வெளியே நீட்டினேன், உள்ளங்கை மேலே பார்க்க.

அவன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையைத் திறந்து, நூறு டொலர்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து, வாய்விட்டு எண்ணினான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். திரும்பவும் முகம், திரும்பவும் கை. பாதிவரை வந்தபோதுதான் தெரிந்தது, என் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன். நிறுத்த முடியவில்லை. நான் நினைத்து முடியாமல் போன காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அவன் அவசரப்படவில்லை. கடைசித் தாளையும் வைத்தான். வைத்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகக் காசின் மேல் மடக்கி, மூடிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, கம்பிக்கு உள்ளே மெதுவாகத் தள்ளிவிட்டான்.

"நாப்பது" என்றான். "சரியோ அத்தான்?"